கேம்பர் வேனுக்குப் பெரிய டயர்: 3 சென்டிமீட்டருக்கு வண்டி கொடுக்கும் விலை

படுக்கையும் சமையலறையும் உள்ள கேம்பர் வேனைக் கரடுமுரடான பாதைக்குத் தயார் செய்ய நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது டயரில்தான். விசாரிக்கத் தொடங்கியதும் குழப்பமும் தொடங்கிவிடும். சஸ்பென்ஷனை உயர்த்தாமல் பெரிய டயர் ஏறாது என்பார் ஒருவர். அப்படியே மாட்டினேன், ஒரு உரசலும் இல்லை என்பார் இன்னொருவர். ரிம்மையும் சேர்த்து மாற்றினால்தான் சரி என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் அவரவர் வண்டியைப் பொறுத்தவரை சரியாகவே இருக்கலாம். எந்த வண்டி, எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு, என்ன எடையோடு என்பதைச் சொல்லாமல் விட்டதில்தான் சிக்கல். ஆகவே டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்களிலிருந்தே ஆரம்பிப்போம்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

வேன்களில் பரவலாகக் காணப்படும் ஒரு அளவு 235/65 ஆர் 16 சி, 115/113 ஆர். இதில் 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் இது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் 65 சதவீதம். 235-இல் 65 சதவீதம் சுமார் 153 மி.மீ. முதலில் வரும் 'ஆர்' ரேடியல் அமைப்பைக் குறிக்கிறது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 'சி' என்றால் சரக்கு வண்டிக்கான வலுவான கட்டுமானம். 115/113 என்பது சுமைக் குறியீடு. முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால். கடைசி 'ஆர்' வேகக் குறியீடு, அதாவது மணிக்கு 170 கி.மீ. வரை.

முழு விட்டம் எவ்வளவு? ரிம் 16 அங்குலம், அதாவது 406 மி.மீ. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர். மொத்தம் சுமார் 712 மி.மீ. இதற்குப் பதிலாகப் பலரும் ஆசைப்படும் 245/75 ஆர் 16-ஐ எடுத்துக்கொள்வோம். பக்கச்சுவர் 184 மி.மீ., மொத்த விட்டம் 774 மி.மீ. வித்தியாசம் 62 மி.மீ. அசல் விட்டத்தைவிட 8.7 சதவீதம் அதிகம். இந்த 8.7 சதவீதக் கணக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி தேவைப்படும்.

பெரிய டயர் தருவது எவ்வளவு?

விட்டம் 62 மி.மீ. கூடினால் வண்டி 62 மி.மீ. உயராது. அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் அதில் பாதிதான் கிடைக்கும். 31 மி.மீ., அதாவது இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவு. கேட்டதும் சப்பென்று ஆகிவிடும். ஆனாலும் இந்த 3 சென்டிமீட்டருக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும், இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு அச்சு கொண்ட வண்டிகளில் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது; உடல் மட்டும்தான் உயரும். டிஃபரன்ஷியலை உயர்த்தும் ஒரே சாதாரண வழி பெரிய டயர்.

இரண்டாவது லாபம் பக்கச்சுவர். 153 மி.மீ. 184 ஆகும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் 3 செ.மீ. கூடுதலாக ரப்பரும் காற்றும் இருக்கின்றன. கூரிய பள்ளத்தில் சக்கரம் 'டங்' என்று இறங்கும்போது ரிம் நசுங்குமா தப்பிக்குமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. மூன்றாவது லாபம், பெரிய வட்டம் பள்ளத்தின் விளிம்பில் சற்றுச் சாய்வாக ஏறுவதால் குலுக்கல் கொஞ்சம் குறையும். நான்காவதாகச் சொல்ல வேண்டியது தோற்றம். அது பலருக்கு முக்கியம் என்பதை மறைப்பானேன்.

கவனித்தால் தெரியும், மண்ணில் பிடிப்பு இந்தப் பட்டியலில் இல்லை. பிடிப்பு பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: டயரின் பட்டன் அமைப்பு, உள்ளே இருக்கும் காற்றழுத்தம். இரண்டுமே அசல் அளவு டயரிலும் கிடைக்கும்.

காற்று செய்யும் வேலை

வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைத்திருக்கும் காற்று. ஒரு சக்கரத்தின் மேல் 900 கிலோ இருக்கிறது, அழுத்தம் 4 பார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஆக, தரையில் படியும் பரப்பு சுமார் 220 சதுர செ.மீ. தடத்தின் அகலம் 18 செ.மீ. என்றால் நீளம் 12 செ.மீ. அழுத்தத்தை 2 பாருக்குக் குறைத்தால் பரப்பு இரட்டிப்பாகும். அகலம் அவ்வளவாக மாறாது. தடம் நீளவாக்கில் 24 செ.மீ. வரை நீளும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் நிஜத்தில் இதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் போக்கு இதுதான்.

தடம் நீண்டால் மணலில் சக்கரம் புதைவது குறைகிறது. மிருதுவான டயர் கல்லைச் சுற்றி மடிந்து கொடுக்கிறது, துளைபடுவதும் குறைகிறது. இவ்வளவும் செலவில்லாமல், வால்வை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்ததில் கிடைப்பது. பெரிய டயர் இங்கே மறைமுகமாக உதவுகிறது. பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் அழுத்தத்தைத் துணிந்து குறைக்க முடியும். குட்டையான பக்கச்சுவரில் காற்றைக் குறைத்தால் அடுத்த கல்லே ரிம்மில் இடிக்கும்.

சரளைப் பாதைக்குக் கால்வாசி குறைப்பதும், மணலுக்குப் பாதி வரை குறைப்பதும் ஆரம்பத்துக்கு ஏற்ற அளவு. அந்த நிலையில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், திருப்பத்தில் வேகமாக ஒடிக்கக் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்றடித்தே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடும் கனமான வேனின் டயர் உள்ளுக்குள் சூடாகி வெடிக்கக்கூடும். ஆகவே நல்ல கம்ப்ரஸரும் அழுத்தமானியும் இல்லாமல் பெரிய டயருக்குப் பணம் கட்டுவது வரிசை மாறிய வேலை.

முதலில் பார்க்க வேண்டியது எடை

கேம்பர் வேன் மற்ற ஆஃப்ரோடு வண்டிகளிலிருந்து வேறுபடும் இடம் இது. ஜீப்பில் கட்டில், அடுப்பு, பேட்டரி, தண்ணீர்த் தொட்டி இருக்காது. வேனில் இவை எல்லாம் எப்போதும் இருக்கும், பெரும்பாலும் பின் அச்சின் மேல்.

சுமைக் குறியீடு நேரடி எண் அல்ல, அட்டவணை எண். 100 என்றால் 800 கிலோ, 109 என்றால் 1030, 112 என்றால் 1120, 113 என்றால் 1150, 115 என்றால் 1215, 120 என்றால் 1400, 121 என்றால் 1450. எல்லாம் ஒரு டயருக்கு. ஒரு வேனின் பின் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச சுமை 2250 கிலோ என்றால், ஒரு பக்கத்துக்கு 1125 கிலோ. 112 குறியீடுள்ள டயர் வெறும் 5 கிலோவில் தோற்றுவிடும். 113 தேறும், ஆனால் மூச்சு முட்டித்தான். சமையலறையும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கம் இருக்கும் வண்டியில் அந்தப் பக்கத்து டயர் மற்றதைவிட நூறு கிலோ கூடுதலாகச் சுமக்கலாம். தொட்டி நிறைத்து, ஆட்கள் ஏறி, எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்துவிட்டு டயர் பார்க்கப் போவது நல்லது.

இன்னொரு கண்ணி. 245/75 ஆர் 16 என்ற அதே அளவு, குறியீடு 109 உள்ள பயணிகள் வண்டி டயராகவும் வருகிறது. 120/116 உள்ள 'எல்டி' (இலகு சரக்கு வண்டி) டயராகவும் வருகிறது. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுக்கு விலை குறைவாகவும் இருக்கலாம். தாங்கும் எடையில் 370 கிலோ வித்தியாசம். எல்டி வகையில் 'லோட் ரேஞ்ச் இ' என்பது பத்து அடுக்குத் தரம், உச்ச சுமைக்கு 80 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 5.5 பார் அழுத்தம் கேட்கும். டயர் மாறினால் கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய அழுத்த அட்டவணை செல்லாது. புதிய டயரின் தயாரிப்பாளர் தரும் சுமை–அழுத்த அட்டவணையிலிருந்து, நிறுத்துப் பார்த்த எடைக்கு ஏற்ற அழுத்தத்தை எடுக்க வேண்டும்.

விட்டம் கூடியதும் மாறுபவை

நம் 8.7 சதவீதக் கணக்கு இங்கே வேலை செய்கிறது.

1. ஸ்பீடோமீட்டர். அசல் டயரில் சரியாக 80 காட்டிய முள், இப்போது 80 காட்டும்போது வண்டி 87-இல் ஓடும். பெரும்பாலான வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் தொடக்கத்திலேயே கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் நிஜ வித்தியாசம் சற்றுக் குறையலாம். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குவிதியைப் பின்பற்றும் நாடுகளில் ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. பெரிய டயர் போட்டவர்கள் ஆய்வில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பல புதிய வேன்களில் சக்கரச் சுற்றளவைக் கணினி மூலம் மாற்றி எழுத முடியும்.

2. ஓடிய தூரம். மீட்டர் 10,000 காட்டும்போது வண்டி 10,870 கி.மீ. ஓடியிருக்கும். ஆயில் மாற்றும் தவணையும் அதே அளவு தள்ளிப்போகும்.

3. இழுவை. அதே கியரில், அதே எஞ்சின் சக்தியில் சக்கரம் தரையைத் தள்ளும் விசை சுமார் 8 சதவீதம் குறைகிறது. சமதளத்தில் பெரிதாகத் தெரியாது. முழு எடையோடு செங்குத்தான மண் ஏற்றத்தில், முதல் கியரில் ஊர்ந்து போக வேண்டிய இடத்தில் நன்றாகத் தெரியும். மேனுவல் வண்டியில் கிளட்ச் வாடை வர ஆரம்பித்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

4. பிரேக். பெடலை அதே அளவு மிதித்தால் கிடைக்கும் நிறுத்தும் விசையும் அதே 8 சதவீதம் குறைகிறது. இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங்கும் அதே விகிதத்தில் பலவீனப்படும்.

5. எடை. கனமான எல்டி டயர் அசலைவிட நான்கைந்து கிலோ கூடுதலாக இருப்பது சாதாரணம். ஐந்து டயருக்குக் கணக்குப் போட்டால் 20 கிலோவுக்கு மேல் வண்டியின் சுமக்கும் திறனில் கழிந்துவிடும். அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் பாகத்தில் கூடும் எடை. ஷாக் அப்சார்பர் அதைக் கட்டுப்படுத்தத் திணறும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

இவற்றில் ஒன்றுகூட வண்டியை ஓட்ட முடியாமல் செய்துவிடாது. எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் விஷயமே. இரண்டு படி தாவி 10 சதவீதத்துக்கு மேல் போகிறவர்கள், வண்டி சோம்பலாகிவிட்டது என்று பின்னால் புலம்புவது இந்தக் கூட்டுத்தொகையைத்தான். இடைப்பட்ட அளவு ஒன்றும் உண்டு என்பதைப் பலரும் பார்ப்பதே இல்லை. 225/75 ஆர் 16 என்றால் விட்டம் 744 மி.மீ., கூடுதல் 4.5 சதவீதம்தான். உயரம் 16 மி.மீ. கிடைக்கும், மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் ஏறக்குறைய பாதியாகும். 121 குறியீட்டிலும் கிடைக்கும் அளவு. ஆண்டில் சில வாரம் மட்டும் மண் பாதையில் போகிறவர்களுக்கு என் கணிப்பில் இதுவே போதும்.

ரிம்மை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மேலே சொன்ன மூன்று அளவுகளுமே 16 அங்குல ரிம்முக்கானவை. 774 மி.மீ. விட்டத்தை 18 அங்குல ரிம்மில் அடைய வேண்டுமென்றால் பக்கச்சுவர் 158 மி.மீ.தான் மிஞ்சும். காசு கொடுத்து வாங்கிய 3 செ.மீ. ரப்பரை உலோகத்துக்குத் தாரை வார்த்த கதை. பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் இடம் கொடுக்கும் மிகச் சிறிய ரிம்தான் மண் பாதைக்கு நல்லது.

ஏற்கெனவே உள்ள ரிம் நசுங்கிவிட்டது, அல்லது அகலம் போதவில்லை என்று மாற்றத்தான் வேண்டியிருந்தால் இவற்றைப் பாருங்கள்.

1. பி.சி.டி.யும் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) நடுத்துளையும். மெர்சிடிஸ் ஸ்ப்ரிண்டரில் 6 துளை, 130 மி.மீ. வட்டம், நடுத்துளை 84.1 மி.மீ. ஃபோர்டு டிரான்சிட்டில் 5 துளை, 160 மி.மீ. வட்டம். ஃபியட் டுகாட்டோவிலோ ஒரே பெயரில் இரண்டு வகை: இலகு மாடலுக்கு 5×118, கனரக மாடலுக்கு 5×130. வண்டியின் பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் தவறாக வந்துசேர இதுவே போதும்.

2. தாங்கும் எடை. ரிம்மின் பின்புறம் பொறித்திருக்கும். டயர் 1400 கிலோ தாங்கி, ரிம் 1000 கிலோவுக்கு மட்டும் என்றால் கணக்கு 1000-இல் நின்றுவிடும்.

3. ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம். 'ஈ.டி. 60' என்றால் 60 மி.மீ. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 6.5 அங்குல, ஈ.டி. 60 ரிம்மை 7.5 அங்குல, ஈ.டி. 40 ஆக மாற்றினால் ஆஃப்செட்டால் 20 மி.மீ., அகலத்தில் பாதி 12.7 மி.மீ., ஆக வெளி விளிம்பு 33 மி.மீ. வெளியே வரும். உள் விளிம்பும் 7 மி.மீ. சஸ்பென்ஷனை விட்டு விலகும். உள்ளே இடம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் வீல் பேரிங் மீதான நெம்பு விசை கூடும், ஸ்டியரிங் பள்ளங்களில் கையைப் பிடுங்கும், டயர் மட்கார்டை விட்டு வெளியே வந்து சேற்றைக் கதவில் வாரி இறைக்கும்.

போல்ட்டின் அமர்வு வடிவத்தையும் மறந்துவிடக் கூடாது. சிலது கூம்பு, சிலது கோளம். மாற்றிப் போட்டால் முறுக்கும்போது இறுகினதுபோல் தோன்றும், ஓடும்போது தளரும். புதிய ரிம் மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவி) சரிபார்ப்பது இதனால்தான்.

உரசுமா, உரசாதா?

நிறுத்திவைத்த வண்டியில் கையை விட்டுப் பார்த்து, இடம் இருக்கிறது என்று சொல்வது கணக்கில் வராது. டயர் உரசுவது ஸ்டியரிங் முழுக்க ஒடித்து, அதே நேரத்தில் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கியிருக்கும்போது. சோதித்துப் பார்க்கும் முறை எளிது. பெரிய டயரை ஒரு முன் சக்கரத்தில் மாட்டி, தண்ணீரும் சாமானும் ஏற்றிய வண்டியை, அந்தச் சக்கரம் ஓர் உறுதியான மேட்டின் மேல் ஏறும்படி நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை இடது கடைசி வரை, பிறகு வலது கடைசி வரை மெல்ல ஒடித்துப் பாருங்கள். பம்பரின் பின் விளிம்பு, சக்கரக் குழியின் பின்பக்க மடிப்பு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை ஆகிய மூன்றும் சந்தேகத்துக்குரிய இடங்கள். அங்கெல்லாம் சாக்குக்கட்டியால் பட்டையாகத் தேய்த்து வைத்தால், எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசல். பிளாஸ்டிக்கில் லேசாக உரசினால் சூடு காட்டி வளைத்துச் சரிசெய்யலாம். இரும்பு மடிப்பில் உரசினால் டயர் அறுபடும். அந்த அளவைக் கைவிடுங்கள், அல்லது சஸ்பென்ஷன் வேலைக்குத் தயாராகுங்கள். உயர்த்தினால் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மூட்டான சி.வி. ஜாயின்டின் கோணமும் வீல் அலைன்மென்டும் மாறும் என்பதால் அது தனிச் செலவுக் கணக்கு.

பனிச்சங்கிலி மாட்ட வேண்டிய பகுதிகளுக்குப் போகிறவர்கள் சங்கிலியின் தடிமனையும் இதில் சேர்க்க வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிகளில் டயர் அகலம் கூடினால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டும்; அங்கே அகலத்தைக் கூட்டும் பேச்சுக்கே இடமில்லை.

பட்டன்: ஏ.டி.யா, எம்.டி.யா?

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. எம்.டி. எனப்படும் சேற்று டயரின் பட்டன்கள் பெரியவை, இடைவெளி அதிகம். சேற்றைத் தானாக உதறும். தார்ச்சாலையில் இரைச்சல் போடும், ஈரத்தில் நிறுத்தும் தூரம் கூடும். கேம்பர் வேனின் பெரும்பாலான ஓட்டம் சாலையில்தான். சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. டயரே பொருத்தம். பனி பெய்யும் நாடுகளுக்கு என்றால் 'எம் பிளஸ் எஸ்' (சேறும் பனியும்) எழுத்து மட்டும் போதாது. மூன்று சிகர மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னது தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, பின்னது பனியில் சோதித்த பிறகு கிடைப்பது.

ஸ்டெப்னி

எல்லாரும் கடைசியில் நினைப்பது இது. வேனின் அடியில் ஸ்டெப்னிக்கென்று விட்ட இடம் அசல் அளவுக்கானது. 774 மி.மீ. டயர் அங்கே ஏறாமல் போகலாம். பின் கதவில் தொங்கவிட்டால் ரிம்மோடு சேர்ந்து 30 கிலோவுக்கு மேல் வரும். கதவின் கீலை நம்பாமல் தனித் தாங்கி போட வேண்டும். அந்த எடை பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், பின் அச்சின் கணக்கில் அதன் நிஜ எடையைவிடக் கூடுதலாகவே ஏறும். பழைய சிறிய டயரையே ஸ்டெப்னியாக வைத்துச் சமாளிக்கலாம் என்றால், நான்கு சக்கர இழுவை வண்டியில் அது ஆபத்து. ஒரு சக்கரம் மட்டும் 8 சதவீதம் சிறியதாக இருந்தால் டிஃபரன்ஷியலும் முன் பின் அச்சுகளை இணைக்கும் கப்ளிங்கும் ஓடும் நேரமெல்லாம் நழுவிச் சூடாகும்.

ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம், மற்றவை புதிய அலாய் என்றால் இரண்டுக்கும் போல்ட் வேறாக இருக்கலாம். இன்னொரு செட் போல்ட் வண்டியில் இருக்க வேண்டும். அசல் ஜாக்கியும் இப்போது 3 செ.மீ. எட்டாமல் நிற்கக்கூடும். டயர் மாற்றிய அன்றே, நல்ல வெளிச்சத்தில், சமதளத்தில் ஒரு முறை ஸ்டெப்னியை இறக்கி மாட்டிப் பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு தேவையா என்பது அப்போதே தெரிந்துவிடும்.